ஆம்பூரில் வாடகை வீடு: 10 மாத அட்வான்ஸ் கேட்டால் சட்டம் என்ன சொல்கிறது?

ஷூ கம்பெனியில் புதுசா வேலை. முதல் சம்பளம் கைக்கு வர ஒரு மாசம் ஆகும். வீட்டு அட்வான்ஸை மட்டும் சாவி வாங்கும்போதே எண்ணி வைக்கணும். வாடகை 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10 மாத அட்வான்ஸ் என்றால் 60,000 ரூபாய்.

வேலூரில் நிலைமை இன்னும் சிக்கல். சிஎம்சி மருத்துவமனைக்கு மேற்கு வங்கம், ஜார்க்கண்டில் இருந்தெல்லாம் நோயாளிகள் வருகிறார்கள். அவர்களுக்கு நாள் வாடகைக்கு அறை விட்டால் ஓனருக்கு லாபம். மாத வாடகைக்காரரை ஏன் தேடப் போகிறார்?

2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டப்படி, அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது. நம் கணக்கில் 18,000 ரூபாய்தான். ஆனால், ‘வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால்’ என்று ஒரு வரியும் அதே சட்டத்தில் இருக்கிறது. 10 மாதம் என்று எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால், அந்த வரம்பை நாமே விட்டுக்கொடுத்த மாதிரி. பேரம் பேசுவதென்றால் கையெழுத்துக்கு முன்பே பேசிடணும்.

வாய்ப்பேச்சு ஒப்பந்தம் வேண்டவே வேண்டாம். எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். Tenancy தளத்திலேயே, அதாவது அரசின் வாடகை இணையதளத்திலேயே, பதியலாம். அட்வான்ஸை வங்கி வழியாகக் கொடுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி போக மீதியை ஓனர் திருப்பித் தரணும். தகராறு என்று தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தவும் அவருக்கு உரிமை இல்லை.

ஒரு விஷயம்: 2019-ல் மாவட்டம் பிரிந்த பிறகு ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டம். புகார் கொடுக்க வேலூருக்கு பஸ் ஏறிடாதீங்க.