மேல்மாடிக் குடித்தனங்களும் தாராவிதான்

2020 ஏப்ரல் 1 அன்று மும்பையின் தாராவிக் குடிசைப் பகுதியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். அன்றே அவர் சயான் மருத்துவமனையில் இறந்தும் போனார். இரண்டு சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் பரப்பில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் இடம் அது. அங்கே நோய் பரவினால் மும்பையே தாங்காது என்ற அச்சம் நாடெங்கும் எழுந்தது. ஆனால் மாநகராட்சி ஊழியர்களும் அப்பகுதித் தனியார் டாக்டர்களும் சந்து சந்தாக நுழைந்து காய்ச்சல் பார்த்தார்கள். அறிகுறி உள்ளவர்களைப் பள்ளிகளிலும் ராஜீவ் காந்தி விளையாட்டு வளாகத்திலும் தங்கவைத்தார்கள். ஜூலை மாதம் உலக சுகாதார நிறுவனத் தலைவர் டெட்ரோஸ் அதானோம் தாராவியைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். டிசம்பர் 25 அன்று புதிய நோயாளி ஒருவர்கூட அங்கே இல்லை.

அந்த மாதங்களில் கதவைத் தட்டியவர்கள், எந்த வருடம் வந்தாய், கீழ்வீடா மாடியா, சொந்தமா வாடகையா என்று ஆளைத் தரம் பிரிக்கவில்லை. பிரித்திருந்தால் நோய் அடங்கியிருக்காது. இன்று, குடிசைகளை இடித்துப் புதிய வீடுகள் கட்டும் தாராவி மறுசீரமைப்புத் திட்டம் அந்தக் கேள்விகளைக் கேட்டுத்தான் மக்களைக் கூறுபோடுகிறது. இது அநியாயம், திருத்தப்பட வேண்டும்.

2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் ஏலத்தொகையில் அதானி குழுமம் இத்திட்டத்தை வென்றது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து கீழ்த்தளத்தில் குடியிருப்போருக்குத் தனிச் சமையலறை, கழிப்பறையுடன் குறைந்தது 350 சதுர அடி வீடு, தாராவிக்குள்ளேயே, இலவசம். அதற்குப் பின் 2011 வரை வந்தவர்களுக்கு இரண்டரை லட்சம் ரூபாய்க்கு வீடு, ஆனால் தாராவிக்கு வெளியே. அதற்கும் பின் 2022 நவம்பர் 15 வரை வந்தவர்களுக்கும், அதற்குள் எப்போது வந்திருந்தாலும் மேல்மாடியில் இருப்போருக்கும், வெளியூர் போன்ற தூரத்தில் வாடகை வீடு. பின்னால் விலைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

மேல்மாடியில் இருப்போர் யார்? திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, இரும்பு ஏணி ஏறிப் போகும் பத்துக்குப் பத்து அறையில் வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளலாம். அப்படிப்பட்டவர்களைத் தாராவியின் தொண்ணூறு அடி சாலையை ஒட்டிய சந்துகளில் தேடித் திரிய வேண்டியதில்லை. கணவருக்குத் தோல்பட்டறை வேலை. மனைவி விடியுமுன் இட்லி அவித்துக் கொடுப்பவர். 2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்ததும் பட்டறை மூடியது; லோக்கல் ரயில் நின்றதால் இட்லி வாங்கவும் ஆளில்லை. ரேஷன் அட்டை ஊரில் இருந்தது. வாடகை ஏறிக்கொண்டே போனது. ஜூனில் ஆன்லைன் வகுப்பு தொடங்கியபோது பிள்ளைகளுக்கெல்லாம் சேர்த்து வீட்டில் ஒரே போன். ஓராண்டு கழித்து இத்தகைய குடும்பங்கள் அந்த நாட்களை அசைபோடும்போது, நோயைவிடப் பொதுக் கழிப்பிட வரிசைதான் அதிகம் பேச்சில் வந்தது. வீட்டிலேயே இருங்கள் என்று ஒலிபெருக்கி சொன்னது. கழிப்பிடம் வீட்டுக்கு வெளியே இருந்தது.

இது வெறும் புலம்பல் இல்லை. 2020 ஜூலையில் மாட்டுங்கா, செம்பூர், தஹிசர் பகுதிகளைச் சேர்ந்த மூன்று வார்டுகளில் மாநகராட்சியும் நிதி ஆயோக்கும் டாடா அடிப்படை ஆய்வு நிலையமும் ரத்தப் பரிசோதனை நடத்தின. குடிசைப் பகுதிகளில் சுமார் 57 சதவீதம் பேரிடம் நோய் வந்துபோன தடயம் இருந்தது; அதே வார்டுகளின் மற்ற குடியிருப்புகளில் 16 சதவீதம்தான். கழிப்பிடம் போன்ற பொது வசதிகளைப் பகிர்ந்துகொள்வது காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். மாட்டுங்காவின் அடுக்ககத்துத் தமிழருக்கும் பக்கத்துக் குடிசைத் தமிழருக்கும் மொழி ஒன்று, கோயில் ஒன்று. கதவுக்குள் ஒரு கழிப்பறை இருந்ததா என்பதுதான் வித்தியாசம்.

எல்லோருக்கும் தாராவிக்குள் இடம் போதாது என்கிறது அரசு. அப்படியானால் விற்பனைக்கென்று கட்டப்போகும் கட்டடங்களுக்கு மட்டும் அதே மண்ணில் இடம் எப்படி வந்தது? முலுண்ட், பாண்டுப் பக்கத்து உப்பள நிலங்களும் தேவ்னார் குப்பைமேட்டு நிலமும் தாராவிக்குள் வீடு கிடைக்காதவர்களுக்காக ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அங்கே குடியேற்றப்பட்டால் அந்த மாடி வீட்டுப் பெண் யாருக்கு இட்லி அவிப்பார்? காலை ஆறு மணிக்குத் தாதரிலும் மாஹிமிலும் தலைச்சுமையாக விற்கப்படும் பண்டம் அது. தாராவியில் வீட்டையும் வேலையையும் பிரித்தால் இரண்டில் ஒன்று செத்துவிடும்.

வாடகைக்காரர்களுக்கும் உரிமை கொடுத்தால் போலிகள் புகுந்துவிடுவார்கள் என்ற வாதமும் எழுகிறது. போலிகளைக் கண்டுபிடிப்பது அதிகாரிகளின் பொறுப்பு. கொரோனாக் காலத்துப் பரிசோதனைப் பதிவுகள், தனிமைப்படுத்தும் முகாமின் சீட்டுகள், பள்ளிச் சான்றுகள், தடுப்பூசிப் பதிவுகள் எல்லாமே குடியிருப்புச் சான்றாக ஏற்கத் தக்கவை. இவற்றைக் கொண்டு, எந்தத் தளமானாலும், அங்கே வாழ்ந்தது உறுதியானவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே வீடு தர வேண்டும். இலவசமாக இல்லாவிட்டாலும் கட்டுப்படியாகும் வாடகைக்காவது.

கட்டடங்கள் எழும்ப ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்த மாடிக் குடும்பம் அதே கழிப்பிடத்துக்குத்தான் வரிசையில் நிற்கப்போகிறது. எப்படியும் இடிக்கப்போகிறோம் என்று சொல்லி, இருக்கிற கழிப்பிடங்களின் பழுதுபார்ப்பையும் தண்ணீர் இணைப்பையும் மாநகராட்சி தள்ளிப்போடக் கூடாது. அதற்கான நிதியை வரும் பட்ஜெட்டிலேயே தனியாக ஒதுக்க வேண்டும்.