மூன்று சன்னல்களும் ஒரு காடும்



பால்டிக் கடலோரத்திலுள்ள சிறிய நாடு லித்துவேனியா. அங்குள்ள மக்களில் பெரும்பான்மையோர் கத்தோலிக்கர். அண்மை ஆண்டுகளில் இந்த நாடு இருமுறை உலகச் செய்திகளில் இடம்பெற்றது. 2021ஆம் ஆண்டில், ஈராக் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்களை பெலாருஸ் அரசு தன் எல்லை வழியாக லித்துவேனியாவுக்குள் தள்ளியது. 4,000க்கும் அதிகமானோர் உள்ளே வந்தனர். அவர்களை லித்துவேனிய அரசு முகாம்களில் அடைத்தது. பின்னால் வந்தவர்களை எல்லையிலேயே திருப்பி அனுப்பியது. ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளத்திற்கு வேலியும் எழுப்பியது. மறு ஆண்டு பிப்ரவரியில் உக்ரைன் மீது இரஷ்யா முழுப் போர் தொடுத்தபோது, இதே நாடு தன் கதவுகளை அகலத் திறந்துவிட்டது. 2022 முடிவதற்குள் 70,000க்கும் மேற்பட்ட உக்ரைன் மக்கள் அங்கு அடைக்கலம் பெற்றனர்.

ஒரே நாடு, ஒரு சாராருக்கு வேலி, மறு சாராருக்குத் திறந்த கதவு. இதை வெளியிலிருந்து குறைகூறுவது எளிது. பெலாருஸ் அரசு ஏழை மக்களைப் பகடைக்காய்களாகப் பயன்படுத்தியது என்ற லித்துவேனியரின் அச்சத்திலும் உண்மை உண்டு. ஆனால், யாரை ஏற்பது, யாரைத் தள்ளுவது என்ற கேள்வி அந்த மண்ணுக்குப் புதிதல்ல. தலைநகர் வில்னியுஸுக்கு மேற்கே ஏறத்தாழ 28 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திராக்காய் என்னும் ஏரிக்கரைச் சிற்றூர் அந்தக் கேள்வியை அறுநூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சந்தித்து வந்திருக்கிறது. இரண்டு விதமான விடைகளும் அங்கே கிடைத்திருக்கின்றன.

திராக்காயைச் சுற்றி எத்திசையிலும் ஏரிகள். அவற்றுள் கால்வே என்னும் ஏரியின் நடுவே, ஒரு தீவில் செங்கல் கோட்டை ஒன்று நிற்கிறது. கோமகன் கெஸ்டுதிஸ் தொடங்கிய பணியை அவர் மகன் வீத்தவுத்தாஸ் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறைவு செய்தார். லித்துவேனியாவின் பெருங்கோமகனான வீத்தவுத்தாஸ் காலத்தில் அந்நாட்டின் எல்லை கருங்கடல் வரை நீண்டிருந்தது. அரச மகுடத்திற்காகக் காத்திருந்த அவர், அது வந்து சேருமுன்னே 1430ஆம் ஆண்டு அக்டோபர் 27 அன்று திராக்காயில் இறந்தார். 17ஆம் நூற்றாண்டுப் போர்களில் கோட்டை பாழடைந்தது. இன்று நாம் காண்பது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டில் மீண்டும் கட்டியெழுப்பப்பட்டதே.

வீத்தவுத்தாஸ் இந்த ஊருக்குக் கோட்டையை மட்டும் தரவில்லை. 1409இல் கன்னி மரியா எலிசபெத்தைச் சந்தித்த நிகழ்வின் பெயரால் ஆலயம் ஒன்றையும் நிறுவினார். ஐரோப்பாவில் கடைசியாகத் திருமுழுக்குப் பெற்ற நாடு லித்துவேனியா. அது நடந்தது 1387இல். அதாவது, நாடு கிறிஸ்தவத்தைத் தழுவி 22 ஆண்டுகளே ஆனபோது எழுந்த ஆலயம் இது. குழந்தை இயேசுவை ஏந்திய அன்னையின் திருவோவியம் இதன் பீடத்தை அணிசெய்கிறது. பைசாந்தியப் பேரரசர் மானுவேல் இதை வீத்தவுத்தாஸுக்குப் பரிசாக அனுப்பினார் என்பது மரபு. 1718இல் இத்திருவோவியத்திற்கு மகுடம் சூட்டப்பட்டது. லித்துவேனியாவின் பாதுகாவலி என்று மக்கள் இந்த அன்னையைப் போற்றுகிறார்கள். ஆண்டுதோறும் செப்டம்பர் 8, அன்னையின் பிறப்பு விழாவையொட்டித் திருப்பயணிகள் திரளாக வருகிறார்கள். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் 2017இல் இவ்வாலயத்தை இளம் பசிலிக்காவாக உயர்த்தினார்.

இந்த ஆலயம் எழுவதற்குச் சுமார் பத்தாண்டுகளுக்கு முன்னரே வேறொரு மக்களினம் ஊருக்குள் வந்துவிட்டது. கருங்கடல் பகுதியில் நடந்த படையெடுப்பிற்குப் பின், 1397-98 வாக்கில், கிரிமியாவிலிருந்து கராயிம் மக்களை வீத்தவுத்தாஸ் அழைத்துவந்து இங்கே குடியேற்றினார். ஏறத்தாழ 380 குடும்பங்கள் வந்ததாக மரபு கூறுகிறது. இவர்கள் துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி பேசுபவர்கள். பழைய ஏற்பாட்டு நூல்களை மட்டும் மறைநூலாக ஏற்று, யூத குருக்களின் மரபு நூலான தால்முத்தை ஏற்காதவர்கள். கோமகன் இவர்களைக் கொண்டுவந்தது வெறும் இரக்கத்தால் அல்ல; கோட்டையைக் காக்க அவருக்கு வீரர்கள் தேவைப்பட்டார்கள். ஆனால் வேலை முடிந்ததும் யாரும் இவர்களை விரட்டவில்லை. 1441இல் பெருங்கோமகன் காசிமிர் இவர்களுக்குத் தன்னாட்சி உரிமையே வழங்கினார்.

கராயிம் வீதியில் இன்றும் அவர்களுடைய மர வீடுகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு வீட்டிலும் தெருவைப் பார்த்து மூன்று சன்னல்கள். ஒன்று கடவுளுக்கு, ஒன்று வீட்டாருக்கு, ஒன்று தங்களை வாழவைத்த வீத்தவுத்தாஸுக்கு என்று ஊரார் சொல்வார்கள். அதே வீதியில் 'கெனேசா' எனப்படும் அவர்களது தொழுகைக்கூடமும் உள்ளது. ஆட்டிறைச்சியை உள்ளே வைத்து, நம் சோமாசி போலப் பிறை வடிவில் மடித்துச் சுடும் 'கிபினாய்' அவர்களது பலகாரம். இன்று ஊருக்கே அடையாளம் அதுதான். லித்துவேனியா முழுவதிலும் கராயிம் மக்கள் இப்போது சுமார் 200 பேரே எஞ்சியிருக்கிறார்கள். ஆயினும், திராக்காய் என்றதும் கோட்டையோடு அந்த மூன்று சன்னல்களும் நினைவுக்கு வருகின்றன. வந்தேறிகளாக வந்தவர்கள் ஊரின் முகமாகவே மாறிவிட்டார்கள்.

சுற்றுலா வருவோர் பலர் இத்துடன் படகேறித் திரும்பிவிடுகிறார்கள். ஊருக்கு அருகே வர்னிக்காய் என்றொரு காடு உள்ளது. 1941ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று, திராக்காயிலும் சுற்றுவட்டாரத்திலும் வாழ்ந்த யூதர்கள் அங்கே சுட்டுக்கொல்லப்பட்டார்கள். கொன்ற நாசிப் படைப்பிரிவின் தலைவர் கார்ல் யேகர் தன் மேலதிகாரிகளுக்கு அனுப்பிய கணக்கில் எண்ணிக்கை அப்படியே இருக்கிறது: ஆண்கள் 366, பெண்கள் 483, குழந்தைகள் 597. மொத்தம் 1,446 பேர். அந்தக் கொலைப் பணியில் நாசிகளுக்குத் துணைநின்றவர்களில் லித்துவேனியரும் இருந்தார்கள்.

அன்று கராயிம் மக்கள் தப்பினார்கள். எப்படி? யூத மறைநூலைத்தான் அவர்களும் வாசித்தார்கள். ஆனால் அவர்கள் இனத்தால் யூதர்கள் அல்லர் என்று 1939இலேயே பெர்லினில் ஓர் அலுவலகம் எழுதி வைத்திருந்தது. ஒரே ஊரில், ஒரே ஏரித் தண்ணீரைக் குடித்த அக்கம்பக்கத்தார். ஒரு காகிதம் ஒரு குடும்பத்தை வாழவிட்டது. அதே காகிதக் கணக்கு அடுத்த தெருவின் குழந்தைகளைக் குழிக்கு அனுப்பியது. தப்பியவர்களைக் குறித்து நாம் மகிழ்கிறோம். எனினும் மனித உயிர் ஒரு பட்டியலைச் சார்ந்து நிற்கும் நிலை எவ்வளவு பயங்கரமானது என்பதை அவர்கள் தப்பிய கதையே நமக்குச் சொல்லிவிடுகிறது.

இந்தக் காயத்தை லித்துவேனியா முழுவதும் மறைத்துவிடவில்லை. 1995இல் அன்றைய குடியரசுத் தலைவர் அல்கிர்தாஸ் பிரசவுஸ்காஸ் இஸ்ரயேல் நாடாளுமன்றத்தில் நின்று மன்னிப்புக் கேட்டார். 2018 செப்டம்பர் 23 அன்று, வில்னியுஸ் யூதச் சேரி அழிக்கப்பட்ட 75ஆம் ஆண்டு நினைவு நாளில், திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் அந்த நினைவிடத்தில் அமைதியாகச் செபித்தார். யூத வெறுப்பின் விதை மீண்டும் முளைவிடாதபடி விழிப்பாயிருக்க வேண்டும் என்று அன்று கவுனாஸ் நகரில் அழைப்பும் விடுத்தார்.

இப்போது எல்லை வேலிக்குத் திரும்புவோம். 2022இல் உக்ரைன் மக்களை வரவேற்ற லித்துவேனியா, வீத்தவுத்தாஸின் நல்ல மரபைத் தொடர்ந்தது எனலாம். கராயிம் மூதாதையர் வந்ததும் கிரிமியாவிலிருந்துதானே; 2014இல் இரஷ்யா பிடித்துக்கொண்ட அதே கிரிமியா! ஆனால் 2021இல் வந்தவர்கள் அயலவர். மொழியும் முகமும் சமயமும் வேறு. வந்த வழியை வைத்தே அவர்கள் பட்டியலிடப்பட்டார்கள். அவர்களை அடைத்துவைக்க இயற்றிய சட்டப் பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று 2023 ஜூனில் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றமே தீர்ப்பளித்தது. எல்லையைக் காப்பது அரசின் கடமை. எல்லையில் குளிரில் நடுங்குபவரை மனிதராகப் பார்ப்பதும் கடமையே. ஒன்றைச் செய்ய மற்றொன்றை விட்டுவிட வேண்டியதில்லை.

நம்மைப் போன்றவரை ஏற்பது எளிது. அந்நியராய் வந்த தம்மை ஏற்றுக்கொண்டோமா என்று இறுதி நாளில் ஆண்டவர் கேட்கும்போது, அந்த அந்நியர் நமக்கு எந்த விதத்தில் உறவு என்று அவர் கேட்கப்போவதில்லை. சந்திப்பின் அன்னைக்கு ஆலயம் எழுப்பிய ஊர் திராக்காய். பிறர் வாசல் தேடிச் சென்றவர் அந்த அன்னை. பெத்லகேமில் விடுதியில் இடம் கிடைக்காமல் நின்றவரும் அவரே.

திராக்காயை முழுமையாக அறிய, ஏரியில் மிதக்கும் கோட்டையையும் மூன்று சன்னல் வீடுகளையும் பார்த்தால் போதாது. வர்னிக்காய் காட்டிலும் சற்று நிற்க வேண்டும். ஏற்றுக்கொண்டதைப் பெருமையோடு சொல்லும் எந்தச் சமூகமும், கைவிட்டதையும் சொல்லப் பழக வேண்டும். அப்படிச் சொல்லப் பழகிய மக்களே அடுத்த முறை கதவு தட்டப்படும்போது, தட்டுபவர் யார் என்று பட்டியலைப் புரட்டாமல் எழுந்து போய்த் திறப்பார்கள். அத்தகைய மனதை அன்னை மரியின் வழியாக இறைவனிடம் கேட்போம்.