பக்கத்து ஆலையில் என்ன இருக்கிறது?

2023 டிசம்பர் 26. நள்ளிரவு நெருங்கும் நேரத்தில் எண்ணூர் பெரியகுப்பத்து மக்களைத் தூக்கத்திலிருந்து எழுப்பியவை கண் எரிச்சலும் மூச்சுத்திணறலும்தான். கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. ஆலைச் சங்கு எதுவும் ஒலிக்கவில்லை என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். பிள்ளைகளையும் முதியவர்களையும் இழுத்துக்கொண்டு, கிடைத்த வண்டியில் ஏறி ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள்.

பின்னிரவில் ஆலை வாசலில் அளந்தபோது ஒரு கன மீட்டர் காற்றில் 2,090 மைக்ரோகிராம் அமோனியா இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 400. கடல்நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருக்கவேண்டிய இடத்தில் 49. மிக்ஜாம் புயலில் பாறைகள் உருண்டு குழாய் சேதமடைந்திருக்கலாம் என்றது விசாரித்த தொழில்நுட்பக் குழு. தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் 5.92 கோடி ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு விதித்தது. வழக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயம்வரை போனது. பல துறைகளின் ஒப்புதலுக்குப் பிறகு 2024இல் ஆலை மீண்டும் இயங்கத் தொடங்கியது.

இவ்வளவும் நடந்த பிறகும் பதில் கிடைக்காத எளிய கேள்வி ஒன்று இருக்கிறது. அன்றிரவு அந்த மக்கள் ஓடியது சரியா, அல்லது கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்திருக்க வேண்டுமா?

இதற்குப் பொதுவான விடை கிடையாது. கசிந்தது என்ன, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது, எவ்வளவு நேரம் கசியும் என்பதைப் பொறுத்து விடை மாறும். அமோனியா தண்ணீரில் எளிதில் கரையும்; ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டால் ஓரளவு பலன் உண்டு. குளோரின் காற்றைவிடக் கனமானது, தரையோடு படரும். அங்கே மாடிக்கு ஏறுவதுதான் புத்தி. ஸ்டைரீன் தண்ணீரில் கரைவது சொற்பம். அதற்கு ஈரத்துணியை நம்ப முடியாது. எந்த வாயுவானாலும், காற்று அடிக்கும் திசையிலேயே ஓடினால் அது கூடவே வரும். குறுக்காக விலகிப் போக வேண்டும். சில நிமிடங்களில் அடங்கிவிடும் கசிவென்றால், ஜன்னல்களை அடைத்துக்கொண்டு உள்ளே இருப்பதே பல நேரம் பாதுகாப்பு. (கூரையும் ஆஸ்பெஸ்டாஸுமாக இருக்கும் குப்பத்து வீடுகளில் எதை அடைப்பது என்பது வேறு கேள்வி.) 2020 மே 7 அதிகாலையில் விசாகப்பட்டினத்தின் எல்ஜி பாலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்டைரீன் கசிந்தபோது, வெங்கடாபுரத்து மக்கள் தெருவில் ஓடிக்கொண்டிருக்கும்போதே சுருண்டு விழுந்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. 12 பேர் இறந்தார்கள். அங்கேயும் சங்கு ஊதவில்லை.

ஆக, ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்கு உயிர் காக்கும் முதல் பொருள், உள்ளே இருக்கும் ரசாயனத்தின் பெயர். அதைச் சொல்லும் கடமை ஆலைக்கு உண்டு என்று இனிமேல் ஒரு சட்டம் இயற்ற வேண்டியதில்லை. போபாலுக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 41பி பிரிவு, ஆபத்துகளையும் தற்காப்பு முறைகளையும் தொழிலாளர்களுக்கு மட்டுமல்ல, சுற்றுப்புற மக்களுக்கும் தெரிவிக்கச் சொன்னது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அந்தக் கடமை தொடர்கிறது. 1989இன் அபாயகரமான ரசாயனங்கள் விதிகள் இன்னும் தெளிவாகப் பேசுகின்றன: விபத்து நேர்ந்தால் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று வெளியில் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும், ஆலைக்கு வெளியேயான அவசரகாலத் திட்டத்தை ஆண்டுக்கு ஒரு முறையாவது ஒத்திகை பார்க்க வேண்டும். 1996இன் விதிகள் மாவட்ட அளவிலும் உள்ளூர் அளவிலும் நெருக்கடிக் குழுக்கள் அமைக்கச் சொல்கின்றன.

காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. எண்ணூரிலோ மணலியிலோ கடலூர் சிப்காட்டை ஒட்டிய ஊர்களிலோ உள்ள ஒரு பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரிடம் போய், பக்கத்து ஆலையில் என்ன வைத்திருக்கிறார்கள், சங்கு ஊதினால் பிள்ளைகளை எந்த வழியாக எங்கே கூட்டிப்போவீர்கள் என்று கேளுங்கள். தீ விபத்துக்கு ஒத்திகை நடத்தியிருப்பார். விஷவாயுவுக்கு என்ன செய்வது என்பதை அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? எண்ணூர்க் கசிவு அரையாண்டு விடுமுறையில், இரவில் நடந்தது. வகுப்பு நடக்கும் பகல்வேளையாக இருந்திருந்தால், பிள்ளைகளைத் தேடிப் பள்ளியை நோக்கி ஓடும் பெற்றோரும், பள்ளியிலிருந்து வெளியே விரையும் பிள்ளைகளும் ஒரே சந்தில் மோதிக்கொண்டிருப்பார்கள்.

இப்படிப்பட்ட விவாதங்களில் தவறாமல் வரும் வாதம், யார் முதலில் வந்தது என்பது. விசாகப்பட்டினத்தில் ஆலை முந்தியது, ஊர் பிந்தியது. எண்ணூரில் மீனவக் குப்பங்கள் இருந்த கரைக்கு ஆலை வந்தது. இந்த வயதுப் பஞ்சாயத்தில் மறைந்துபோவது அரசின் கையெழுத்து. ஆலைக்கு உரிமம் கொடுத்ததும் அரசுதான், அதன் மதிலோரம் மனைப்பிரிவுக்கும் பள்ளிக்கும் அனுமதி கொடுத்ததும் அரசின் துறைகள்தான். டெல்லி ஸ்ரீராம் ஆலையின் ஓலியம் கசிவு வழக்கில், அபாயகரமான ஆலைகளை மக்கள் குறைவாக உள்ள இடங்களில் அமைக்கவும், சுற்றிலும் 1 முதல் 5 கிலோமீட்டர்வரை பசுமை வளையம் விடவும் தேசியக் கொள்கை வகுக்குமாறு உச்ச நீதிமன்றம் 1986இலேயே யோசனை சொன்னது. நம் ஊர்களில் பல இடங்களில் அந்த இடைவெளி ஒரு தெருவின் அகலம்தான்.

ரசாயனப் பெயர்களை வெளியிட்டால் மக்கள் பீதியடைவார்கள் என்று அதிகாரிகள் சொல்வதுண்டு. நள்ளிரவில் என்னவென்றே தெரியாமல் ஓடுவதைவிடப் பெரிய பீதி என்ன இருக்கிறது? நாசவேலைக்குப் பயன்படும் என்கிறார்கள். குழாயின் வரைபடத்தையோ காவல் ஏற்பாடுகளையோ யாரும் கேட்கவில்லை. வேலைவாய்ப்பு வாதத்தை அப்படித் தள்ள முடியாது. உழவர்களுக்கு உரம் வேண்டும். அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சில அந்தச் சம்பளத்தில்தான் வாழ்கின்றன. ஆனால் மதிலுக்குள் கசிந்தால் முதலில் சுவாசிப்பவர் அந்தத் தொழிலாளி. அவருடைய வேலைக்கும் பக்கத்துத் தெருவின் பாதுகாப்புக்கும் பகை மூட்டுவது நிர்வாகங்களுக்கு மட்டுமே வசதி. எண்ணூர் மக்கள் ஆலையை நிரந்தரமாக மூடச் சொல்லி மாதக்கணக்கில் போராடினார்கள். அதைப் பிடிவாதம் என்றவர்கள் உண்டு. எதையும் சொல்லாமல் வைக்கப்பட்டவர்களிடம் வேறு எந்தக் கோரிக்கையை எதிர்பார்த்தார்கள்?

நம் நிலைப்பாடு இதுதான்: சுற்றியுள்ள மக்களுக்குச் சொல்லாத ஆலைக்கு அனுமதி புதுப்பிக்கப்படக் கூடாது. மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையும் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்தின் உரிமமும் புதுப்பிப்புக்கு வரும்போது, மூன்று சான்றுகள் கட்டாயமாக வேண்டும். என்ன ரசாயனம், கசிந்தால் என்ன செய்வது என்று எளிய தமிழில் வீடுவீடாகவும் பள்ளிகளிலும் கொடுக்கப்பட்ட தாள். கடந்த ஓராண்டுக்குள் பள்ளிகளையும் ஆரம்ப சுகாதார நிலையத்தையும் சேர்த்து நடத்திய ஒத்திகையின் அறிக்கை, அதில் தெரிந்த குறைகள் உட்பட. வாயு அளவு கூடினால் மேலாளரின் உத்தரவுக்குக் காத்திராமல் தானாக ஒலிக்கும் சங்கு. இந்த மூன்றுக்கும் ஆகும் செலவு, ஆலைகளின் வரவு செலவில் கண்ணில் படாத தொகை.

மாவட்ட ஆட்சியர்களுக்கும் ஒரு கடமை உண்டு. ஆலைக்கு வெளியேயான அவசரகாலத் திட்டத்துக்கு அவர்களே பொறுப்பு. அந்தத் திட்டத்தை ஆட்சியர் அலுவலகக் கோப்பில் வைத்திருக்காமல் கிராம சபையிலும் வார்டு கூட்டத்திலும் வாசிக்கட்டும். அபாய வட்டத்துக்குள் இனி எந்தப் பள்ளிக்கும் மனைப்பிரிவுக்கும் அனுமதியில்லை என்ற ஆணையை நகர் ஊரமைப்புத் துறை பிறப்பிக்கட்டும். எண்ணூர், மணலி, கடலூர் ஆகிய மூன்று இடங்களிலும் வரும் கல்வியாண்டு தொடங்குவதற்குள் முதல் ஒத்திகை நடக்க வேண்டும். நடத்தாத ஆலைகளின் பெயர்ப் பட்டியலை அரசு வெளியிட வேண்டும்.