எரிபொருட் பயிர்: புல்லா, மரமா?

ஆலைக் கொதிகலன்களுக்கு வேண்டிய எரிபொருளைக் கமக்காரரின் நிலத்திலேயே விளைவிக்கலாம் என்பதில் ஐயமில்லை. எப்பயிரை எங்கே நாட்டுவது என்பதே வினா. பிரித்தானியாவில் மிசுகாந்தசு என்னும் நெடும்புல் இத்தேவைக்காகச் செய்கைபண்ணப்படுகின்றது. அதனைக் கண்டு இலங்கையிலும் புல்லையே நாடுவது பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

மிசுகாந்தசு நிலக்கீழ்த் தண்டுகளால் நாட்டப்படுவது. முதலாண்டில் விற்கத்தக்க விளைவு கிடையாது. நிலைபெற்றபின் பல்லாண்டுகள் பயன்தரும். குளிர்காலம் நெருங்கும்போது அதன் போசணைப் பொருள்கள் நிலக்கீழ்த் தண்டுக்குத் திரும்புகின்றன. தாள் நின்றபடியே உலர்கின்றது. ஆகவே, குளிர்காலம் முடியும் தறுவாயில் வெட்டப்படும் தாளில் ஈரமும் சாம்பரும் குறைவு.

இலங்கையில் அத்தகைய குளிர்காலம் இல்லை. இங்கு வளரும் நேப்பியர்ப் புல்லைப் பச்சையாக வெட்டும்போது அதன் நிறையிற் பெரும்பகுதி நீரே. அதிலுள்ள பொற்றாசியமும் குளோரீனும் கொதிகலனுள் சாம்பரை உருகி ஒட்டச்செய்வதோடு உலோகத்தையும் அரிக்கும். முழுப்புல்லையும் அகற்றினால் நிலத்தின் போசணையும் உடன்போகும். பால்மாட்டுக்கு உணவாவதே அப்புல்லுக்குத் தகுந்த பயன்.

இங்கு ஏற்றது கிளிரிசிடியா எனப்படும் சீமைக்கிளுவையே. 2005 ஆம் ஆண்டில் தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியவற்றை அடுத்து நான்காவது பெருந்தோட்டப் பயிராக அது அறிவிக்கப்பட்டது. வேலியிலும் தென்னைகளின் இடைவெளியிலும் வளர்வதால் நெல்வயலை இழக்கவேண்டியதில்லை. அதன் வேர்முடிச்சுகள் வளியிலுள்ள நைதரசனைப் பதிக்கின்றன. கொம்பு எரிபொருளாகும், இலை தென்னைக்குப் பசளையாகும். இலையையும் சேர்த்து விற்பவர் தம் நிலத்தின் வளத்தையே விற்பவராவர்.

எனினும், மரம் நல்லதாயிருந்தால் மட்டும் போதாது. விலையும் நேர்மையாயிருத்தல் வேண்டும். நூற்றுக்கு 50 பங்கு ஈரமுள்ள 100 கிலோகிராம் கொம்பை நூற்றுக்கு 20 பங்கு ஈரம்வரை உலர்த்தினால் 62.5 கிலோகிராமே எஞ்சும். நிறையை மட்டும் நோக்கி விலை கொடுத்தால், பாடுபட்டு உலர்த்தியவர் நட்டமடைவர். ஈரத்தோடு விற்றவரே இலாபமடைவர். ஆலைக்கும் நல்ல விறகு கிடையாது. ஆதலால், ஈரத்துக்கேற்ப விலை வகுப்பதே முறை.

வேலியைச் சீமைக்கிளுவையால் நிரப்புக. இலையை நிலத்துக்கே இடுக. கொம்பை உலர்த்தி விற்குக. உலர்ந்த கொம்புக்குரிய விலையைக் கமக்காரர் சங்கங்களாக ஒன்றுகூடிக் கேட்டுப் பெறுதல் நன்று.