நானாவின் முழங்கால்

கொம்பனித்தெருவில் இப்பொழுது வானத்தைப் பார்க்கவேண்டுமானால் கழுத்தை நன்றாகப் பின்னுக்குச் சாய்க்கவேண்டும். பேரை வாவிக் கரையோரம் எழுந்துள்ள அடுக்குமாடிகள் அத்தனை உயரம். ஆயினும் மலே வீதிப் பக்கம் சென்றால் உதைபந்து உருளும் ஓசை இன்றுங் கேட்கிறது. இவ்வட்டாரத்து மலாயரும் சோனகரும் தமிழரும் சிங்களவரும் தலைமுறை தலைமுறையாக ஒரே பந்தின் பின்னால் ஓடியவர்கள். ஜாவா லேன் என்னும் சிறு ஒழுங்கையின் பெயரைத் தாங்கிய கழகம் நாடறிந்த உதைபந்தாட்டக் கழகமானதும் இம்மண்ணிலேதான். வீட்டுக்கு வீடு ஒரு கோல் காப்பாளரும், வீதிக்கு வீதி ஒரு தெரிவுக்குழுவும் உள்ள இடம் இது என்றால் நேயர்கள் அதை மிகையென்று கொள்ளமாட்டார்கள்.

சென்ற கிழமை ஒரு மாலைப் பொழுதில் அங்குள்ள தேநீர்க் கடையொன்றில் அமர்ந்து பிளேன் டீ அருந்திக்கொண்டிருந்தோம். அடுத்த மேசையில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. வாதி, பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்புப் படிக்கும் மாணவன். பிரதிவாதி, துறைமுகத்தில் பணிபுரிந்து இளைப்பாறிய அவனுடைய பாட்டனார். வழக்கிற்குரியவர் அங்கே இல்லை. அவரை எல்லோரும் 'நானா' என்றே அழைக்கிறார்கள். உள்ளூர் அணியொன்றிற் பல ஆண்டுகளாகப் பெனால்டி உதைகளையும் ப்ரீ கிக் உதைகளையும் அடித்து வருபவர். வயது முப்பத்தெட்டு. முழங்காலில் எப்பொழுதும் ஒரு கட்டு.

"நானா அடித்து நாங்கள் தோற்றதுண்டா மகன்?" என்றார் பெரியவர்.

"தோற்றதில்லை தாத்தா. ஆனால் ஆட்டம் பாதி முடியுமுன்னே கோட்டுக்கு வெளியே ஐஸ்கட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாரே! பிறகு பெனால்டி கிடைத்தால் அடிப்பது யார்?"

பெரியவர் சற்றுத் தயங்கினார். பிறகு எம்மைப் பார்த்து, "ஐயா பத்திரிகையில் எழுதுகிறவர்தானே? நீங்களே சொல்லுங்கள், நானாவை மாற்றத்தான் வேண்டுமா?" என்று கேட்டுவிட்டார். உடனே தீர்ப்புச் சொல்லும் துணிவு எமக்கில்லை. எழுதுவதாக வாக்களித்து, அவர்களுடைய தேநீருக்கும் சேர்த்துப் பணம் கொடுத்துவிட்டு எழுந்தோம். அந்த வாக்கையே இங்கு நிறைவேற்றுகிறோம்.

முதலில் ஒன்று சொல்லவேண்டும். உதைப்பவருடைய வேலை மற்றைய பத்துப்பேருடைய வேலையைப் போன்றதன்று. தொண்ணூறு நிமிடம் ஓடுவதற்கு இளமை வேண்டும். பன்னிரண்டு யார் தூரத்திற் பந்தை வைத்துவிட்டு, ஊரே பார்த்திருக்க, நடுங்காமல் நிற்பதற்கு வேண்டியது வேறொன்று. அது வயதோடு குறைவதில்லை, பல வேளைகளிற் கூடுகிறது. ஆகவேதான் ஓட்டம் குன்றிய பின்னும் உதைப்பவர் ஒருவர் அணியில் நீடிக்கிறார். ஆனால் அவரை ஏமாற்றும் உறுப்பு ஒன்று உண்டு. நாமெல்லாரும் பந்தை அடிக்கும் காலையே பார்க்கிறோம். உடம்பின் பாரமெல்லாம் ஒரு கணம் இறங்குவதோ மற்றைக் காலில், நிலத்தில் ஊன்றிய காலில். அந்த முழங்கால் ஒரு நூலிழை தளர்ந்தாலும் பந்து கம்பத்துக்கு வெளியே போய்விடும். நானா வலக்காலால் அடிப்பவர். கட்டுப் போட்டிருப்பது இடக்காலில்.

இவ்வழக்கு முழு உருவில் நடந்தேறிய நாடு ஐக்கிய அமெரிக்கா. அங்கே உதைபந்து என்று சொல்லும் ஆட்டம் நம்முடையதன்று. பந்து நீள்வட்டமானது, பெரும்பாலும் கையிலேயே இருக்கும். அணியிலுள்ள ஐம்பத்து மூவரிற் பொதுவாக ஒருவர், இரு கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்துப் புள்ளி பெறுவதற்கென்றே வைக்கப்பட்டிருக்கிறார். ஓர் ஆட்டத்தில் அவர் களத்தில் நிற்பது சில நிமிடங்களே. வென்றால் தோளில் தூக்குவார்கள், தவறினால் ஒரு வாரத்துக்கு வீட்டைவிட்டு வெளியே வரமுடியாது.

அப்படிப்பட்டவர்களுள் முதல்வர் அடம் வினாட்டியரி. நியூ இங்கிலண்ட் பேட்ரியட்ஸ் அணிக்காக 2002 இலும் 2004 இலும் இறுதியாட்டங்களின் கடைசி நொடிகளிற் பந்தை உதைத்துக் கிண்ணத்தை வென்று கொடுத்தவர். அத்தகையவரை அவ்வணி 2006 ஆம் ஆண்டில், அவருக்கு 33 வயதாயிருக்கையிற் போகவிட்டது. அவருக்குப் பதிலாகப் பல்கலைக்கழகத்திலிருந்து அப்பொழுதுதான் வெளிவந்த ஸ்டீவன் கொஸ்ட்கவ்ஸ்கி என்ற இளைஞரை எடுத்தது. இரசிகர்கள் கொதித்தார்கள். நடந்தது என்ன? அந்த இளைஞர் 2019 வரை அவ்வணிக்கு உதைத்தார். வினாட்டியரியோ இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணிக்குச் சென்று, முதற் பருவத்திலேயே மீண்டும் கிண்ணம் வென்றார். இரு தரப்பாரும் நட்டமடையவில்லை.

2009 இல் அவருடைய இடுப்பும் முழங்காலும் கெட்டன. கோல்ட்ஸ் அணி அவரைக் கைவிடவில்லை. தற்காலிகமாக வேறொருவரை நிறுத்தியது. அந்த வேறொருவர் இளைஞர் அல்லர் என்பதுதான் வேடிக்கை. மற் ஸ்டோவர் என்பவர் 2010 பெப்ரவரி இறுதியாட்டத்தில் ஆடியபோது அவருக்கு வயது 42. அந்த இறுதியாட்டங்களில் ஆடியவர்களுள் அவரைவிட மூத்தவர் அதுவரை இருந்ததில்லை. நான்காம் பகுதியில் 51 யார் தூரத்திலிருந்து அவர் உதைத்த பந்து தவறியது, அணி தோற்றது. வினாட்டியரி அடுத்த ஆண்டு திரும்பினார், மேலும் பத்துப் பருவங்கள் உதைத்தார். அவ்வாட்டத்தின் வரலாற்றிலேயே மிகுதியான புள்ளிகளைப் பெற்றவராகி, 2,673 என்ற எண்ணோடு முடித்தார்.

ஆனால் அந்தக் கடைசிப் பருவத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2019 இல் அவருக்கு வயது 46. முதலாட்டத்திலேயே மூன்று உதைகள் தவறின, அணி மேலதிக நேரத்தில் தோற்றது. பயிற்றுநர் அவரை விட்டுக்கொடுக்கவில்லை. நவம்பரிற் பிற்ஸ்பேர்க் நகரில் ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமான நேரமே எஞ்சியிருக்கையில், 43 யார் தூரத்திலிருந்து உதைத்த பந்தும் தவறியது. இரண்டு புள்ளியால் தோல்வி. டிசம்பரில் முழங்காற் காயம் காரணமாக அவரை ஆட்டக்காரர் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். எந்த முழங்கால் என்று நேயர்கள் கேட்கவேண்டியதில்லை. அவரும் வலக்காலால் உதைப்பவர். கெட்டது இடக்கால்.

ஒரே மனிதரை 33 வயதில் அனுப்பியதும் சரியாயிற்று, 37 வயதிற் காயத்தோடு வைத்திருந்ததும் சரியாயிற்று, 46 வயதில் வைத்திருந்தது பிழையாயிற்று. ஆகவே வயதையும் காயத்தையும் மட்டும் கொண்டு கணக்குப் போடுகிறவர்கள் விடை காணப்போவதில்லை. பக்கத்தில் இன்னொருவர் ஆயத்தமாக நின்றாரா என்பதுதான் 2006 க்கும் 2019 க்கும் இடையேயுள்ள வேறுபாடு என்று எமக்குப் படுகிறது.

அமெரிக்காவைக் காட்டிக் கொம்பனித்தெருவாரை மடக்கிவிட்டதாக எவரும் நினைக்கவேண்டாம். நம் நாட்டிலேயே, ஆட்டம் வேறாயினும், இதே வழக்கு லசித் மாலிங்கவின் பெயரிற் பத்தாண்டுகளுக்கு மேல் நடந்தது. உதைப்பவரைப் போலவே அவருக்கும் ஒரு தனி வேலை: கடைசி ஓவர்களிற் பந்தைத் துடுப்பாட்டக்காரரின் கால்விரலுக்கு எறிவது. அந்தக் கையைத் தாங்கிய முழங்கால்களோ பலமுறை பழுதாயின. 2008 இல் ஏற்பட்ட காயத்தால் ஓராண்டுக்கு மேல் ஆடவில்லை. 2011 இல், 27 வயதிலேயே, டெஸ்ட் ஆட்டத்தைத் துறந்தார். உடம்பு எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று தாமே முன்வந்து கூறியமை அவருடைய ஆட்டவாழ்வின் சிறந்த செயல்களுள் ஒன்று. அதன் பயனாகவே 2014 இல் டாக்காவில் உலகக் கிண்ணத்தை ஏந்திய அணிக்குத் தலைவராக நின்றார். 2016 இல் மறுபடியும் முழங்கால், அவ்வாண்டு உலகக் கிண்ணத்தில் அவர் இல்லை. 2018 இல் இந்தியாவின் ஐ.பி.எல். ஏலத்தில் அவரை எடுப்பாரில்லை. ஒரு காலத்தில் விக்கெட்டுகளை அள்ளிக் கொடுத்த மும்பை அணிக்கே ஆலோசகராகப் போய் அமர்ந்தார். கதை முடிந்தது என்றே பலரும் எழுதினர். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

2019 மே 12 ஆந் திகதி இரவு, ஐதராபாத்தில், மும்பைக்கும் சென்னைக்கும் இறுதியாட்டம். மாலிங்க தமது முதல் மூன்று ஓவர்களில் 42 ஓட்டங்களைக் கொடுத்திருந்தார். அவற்றுள் ஓர் ஓவரில் மட்டும் 20. கடைசி ஓவரிற் சென்னைக்கு வேண்டியவை 9 ஓட்டங்கள். அடிபட்ட கிழவரிடம் பந்தைக் கொடுப்பதா என்று எவரும் கேட்பர். அணித்தலைவர் ரோகித் சர்மா கொடுத்தார். கடைசிப் பந்துக்கு 2 ஓட்டங்கள் தேவையாயிருக்க, வேகத்தைக் குறைத்து எறிந்த ஒரு பந்து ஷர்துல் தாக்கூரின் காலிற் பட்டது. ஒரு ஓட்டத்தால் மும்பை வென்றது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மஞ்சட் சட்டையணிந்த தமிழ்ப் பிள்ளைகள் எத்தனைபேர் அன்றிரவு உண்ணாமற் படுத்தார்களோ, நாமறியோம். நாட்டு மனிதர் வென்றார் என்று மகிழ்வதா, நம் அணி தோற்றது என்று அழுவதா என்று அவர்கள் பட்ட பாடு பெரிது.

நாற்பது நாள் கழித்து, ஜூன் 21 ஆந் திகதி, லீட்ஸ் நகரில் உலகக் கிண்ண ஆட்டம். அதற்குமுன் அவருடைய தொந்தியைக் காட்டும் படமொன்றை ஊரெல்லாம் பரப்பிச் சிரித்தார்கள். இலங்கை எடுத்தவை 232 ஓட்டங்களே. இங்கிலாந்தை 212 உடன் மடக்கினார்கள். மாலிங்கவுக்கு 43 ஓட்டங்களுக்கு நான்கு விக்கெட்டுகள்.

இவ்விரு நாட்களையும் காட்டி, "பார்த்தீர்களா, பழையவரை மாற்றவே கூடாது" என்று தேநீர்க் கடைப் பெரியவர் சொல்லக்கூடும். நாம் அவ்வாறு படிக்கவில்லை. முப்பத்தைந்து வயதில், பழுதடைந்த முழங்காலோடு, இந்நாட்டின் முதற் பந்தையும் கடைசிப் பந்தையும் ஒருவரே எறியவேண்டியிருந்தது என்றால், அது அவருக்குப் பெருமை. நம் தெரிவுக்குழுவினருக்கு அது பெருமையாகுமா? அவர் காயத்தோடு வீட்டிலிருந்த காலமெல்லாம் நாம் செய்தது அவர் எப்பொழுது வருவார் என்று காத்திருந்தமைதான். அதே சுழற்கையோடு மதீஷ பத்திரன என்ற இளைஞர் பின்பு வந்தார். 2023 இற் சென்னை கிண்ணம் வென்றபோது அவ்வணியிற் சிறந்து விளங்கினார். அடுத்த ஆண்டே தொடைத் தசையிற் காயம் பட்டு நடுவில் வீடு திரும்பினார். இருபத்தொரு வயது! காயம் முதியவருக்கு மட்டுமே உரிய சொத்தன்று என்பதை அந்த மாணவனும் மனத்திற் கொள்வது நல்லது.

மாலிங்கவின் கதையில் எமக்கு மிகப் பிடித்த பகுதி அவர் எறிந்த எந்தப் பந்துமன்று. காலிக்கு அண்மையிலுள்ள ரத்கமவில், கடற்கரை மணலில் டெனிஸ் பந்தை எறிந்து திரிந்த பையனைக் கண்டெடுத்தவர், நாட்டுக்காக ஆடிய வேகப்பந்து வீச்சாளர் சம்பக்க ராமநாயக்க. பையனுக்கு அப்போது பதினேழு வயது. காலிக் கழகத்தின் அடுத்த முதல்தர ஆட்டத்தில் ராமநாயக்க தாம் ஒதுங்கி, தமது இடத்தில் அப்பையனை ஆடவிட்டார். பையன் எட்டு விக்கெட்டுகளை வீழ்த்தினான். மூத்தவரை எவரும் மாற்றவில்லை. அவரே மாறிக்கொண்டார். அடுத்து வருபவனைப் பார்க்கும் கண் அவருக்கு இருந்தது.

இனித் தீர்ப்பு. நானா களத்தில் நிற்கும் வரை பெனால்டியை அவரே அடிக்கட்டும். நடுங்காத நெஞ்சை எந்தக் கடையிலும் வாங்கமுடியாது. ஆனால் ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் இடக்கால் எப்படியிருக்கிறது என்பதை அவர் ஒளிக்காமற் சொல்லவேண்டும். வலியை மறைப்பதை வீரமென்று கைதட்டும் நம் வழக்கத்தையும் நாம் விடவேண்டும். ப்ரீ கிக் உதைகளை இன்று முதல் இளையவன் அடிக்கட்டும். சிறு போட்டிகளில் நானா இருக்கும்போதே பெனால்டியையும் அவன் அடிக்கட்டும், தவறவிடட்டும். இத்தனை ஆண்டுகளில் வேறொருவனைப் பந்தை அப்புள்ளியில் வைக்கவே விடாதிருந்த கழகத்தின்மேல்தான் எமக்கு மனக்குறை. நானாவின் முழங்கால்மேலன்று.

இதைச் சொல்வதற்காக நேற்று மாலை மைதானத்துக்குப் போனோம். பெரியவர் ஓரத்துச் சுவரில் அமர்ந்திருந்தார். "தீர்ப்பு எழுதியாயிற்றா ஐயா?" என்றார். அந்த இளையவன் யார் என்று கேட்டோம். பதில் சொல்லாமற் களத்தைக் காட்டினார். பந்தை வைத்துக்கொண்டு நின்றவன் தேநீர்க் கடை மாணவன். தம் பேரனுக்கு எதிராகத்தான் அன்று அவர் அத்தனை நேரம் வாதாடியிருக்கிறார்!

பக்கத்தில் நானா, முழங்காற் கட்டோடு. தமது தொப்பியைக் கழற்றிப் பந்துக்கு இடப்புறமாக ஒரு சாண் தள்ளி நிலத்தில் வைத்தார். "பந்தைப் பார்க்காதே தம்பி, உன் இடக்கால் இங்கே வரவேண்டும்" என்றார். முதற் பந்து கம்பத்துக்கு மேலாற் போய் மதிலில் மோதியது. இரண்டாவது கம்பத்திலேயே பட்டுத் திரும்பியது. நானா குனிந்து தொப்பியை இன்னும் இரண்டு விரற்கடை நகர்த்தினார். மூன்றாவது பந்து எங்கே போயிற்று என்பதை நாம் பார்க்கவில்லை. பெரியவர் சுவரிலிருந்து துள்ளி எழுந்து நின்று எம்மை மறைத்துவிட்டார்.