'சொந்தக் காரணம்' என்னும் சௌகரியம்

காவிரிப் படுகையில் 2016-17இல் உயிரை மாய்த்துக்கொண்ட விவசாயிகளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரு வாதம் முந்திக்கொண்டு வருகிறது. "வறட்சி எல்லோருக்கும்தானே வந்தது? எல்லோருமா செத்துப்போனார்கள்? போனவர்களுக்கு மனத்தைக் கட்டுப்படுத்தத் தெரியவில்லை. குடி, குடும்பச் சண்டை, பெண் கல்யாணத்துக் கடன். இதற்கெல்லாம் அரசு என்ன செய்யும்?" டீக்கடைப் பெஞ்சில் கேட்டால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் தமிழக அரசு சொன்னதும் ஏறக்குறைய இதுவே: வறட்சியால் எந்த விவசாயியும் தற்கொலை செய்துகொள்ளவில்லை, எல்லாம் நோய், சொந்தக் காரணங்கள்.

அந்த ஆண்டு ஜனவரி தொடக்கத்தில் நிலைமை வேறு. ஒரே மாதத்தில் 106 விவசாயிகள் இறந்ததாக வந்த செய்திகளை வைத்துத் தேசிய மனித உரிமை ஆணையம் மாநில அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியிருந்தது. ஜனவரி 10 அன்று அரசு மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்த பகுதியாக அறிவித்தது. உயிரிழந்த 17 விவசாயிகளின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் ரூபாய் தருவதாகவும் சொன்னது. ஜனவரியில் வறட்சிக்கும் சாவுக்கும் நடுவில் ஒரு பாலம் இருந்தது. ஏப்ரலில் அதைக் காணவில்லை. இடையில் முதலமைச்சர் மாறினார். செத்தவர்கள் அப்படியேதான் இருந்தார்கள்.

இப்போது இந்த வாதத்தைச் சொல்பவர்கள் உளவியலையும் துணைக்கு அழைக்கிறார்கள். 'தன்னொழுங்கு', 'மீள்திறன்' என்றெல்லாம் சொல்கிறார்கள். சோகம் எல்லோருக்கும் வரும், அதை ஆளத் தெரிந்தவர் பிழைப்பார், தெரியாதவர் விழுவார், ஆகவே குறை அவருக்குள்ளேதான் என்கிறார்கள். உளவியல் அப்படிச் சொல்லியிருந்தால் ஒப்புக்கொள்ளலாம். அது சொல்வது நேரெதிர்.

தன்னொழுங்குக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்பைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருபவர் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மருத்துவ உளவியலாளர் டிமதி ஸ்ட்ராமன். அவருடைய வேலைக்கு அடிப்படை, 1987இல் டோரி ஹிக்கின்ஸ் முன்வைத்த ஒரு கோட்பாடு. மனிதன் தான் இருக்கும் நிலையை இரண்டோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறான்: தான் ஆக விரும்புவது ஒன்று, தான் செய்தே தீர வேண்டிய கடமை மற்றொன்று. முதலாவது எட்டாமல் விலகிப் போனால் சோர்வு வருகிறது. இரண்டாவது தவறினால் பதற்றமும் குற்றவுணர்வும் வருகின்றன. நல்லதை நோக்கி முன்னே செல்லும் முயற்சி திரும்பத் திரும்பத் தோற்கும்போது அந்த இயக்கமே அணைந்துவிடுகிறது, விரும்புவதற்கே தெம்பில்லாமல் போகிறது என்கிறார் ஸ்ட்ராமன். இதை மனதில் வைத்துத் தனியொரு சிகிச்சை முறையையும் அவர் குழு உருவாக்கியது. இந்த ஆய்வில் எங்கேயும் 'அடக்கமில்லாதவன் விழுவான்' என்ற வாக்கியம் இல்லை. முயற்சிக்கும் பலனுக்கும் நடுவில் இருக்கும் கயிறு அறுந்துபோனவருக்கு என்ன ஆகிறது என்பதுதான் அங்கே கேள்வி.

இனி டெல்டாவுக்கு வருவோம். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறக்க வேண்டும். குறுவைக்குக் கணக்கே அந்தத் தேதிதான். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து அந்தத் தேதியில் அணை திறக்கப்படவில்லை. 2016இல் செப்டம்பர் 20 அன்று சம்பாவுக்கென்று திறந்தார்கள். அதை நம்பி விதைத்தவர்களுக்கு வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது. கடைமடையில் பயிர் முளைத்த அளவிலேயே கருகியது. விவசாயி இங்கே என்ன தவறு செய்தார்? உழுதார், விதைத்தார், நகையை அடகு வைத்து உரம் வாங்கினார். அவர் கையில் இருந்ததையெல்லாம் செய்தார். கையில் இல்லாதது தண்ணீர் மட்டுமே. ஆண்டுக்கணக்கில் இப்படி ஓடினால், ஹிக்கின்ஸ் சொன்ன இரண்டு விலகலும் ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் குடியேறும்: நினைத்த மகசூலும் இல்லை, அடைக்க வேண்டிய கடனும் அடையவில்லை. பெண்ணின் கல்யாணக் கடனைச் 'சொந்தக் காரணம்' என்கிறீர்கள். அந்தக் கடனை எந்த வருமானத்திலிருந்து அடைப்பதாக இருந்தார் என்று கேட்டீர்களா?

எதிர்த்தரப்பின் ஆகப் பலமான வாதம் 'எல்லோருக்கும் ஒரே வறட்சி' என்பது. இதற்குப் பதில் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 464 கரும்பு விவசாயிகளை வைத்து ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நால்வர் நடத்திய ஆய்வு 2013இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. அறுவடைக்கு முன்பும் பின்பும் அதே விவசாயிகளைச் சோதித்தார்கள். முன்பு, 78 விழுக்காட்டினரின் பொருள் அடகில் இருந்தது; பின்பு 4 விழுக்காடு. யோசிக்கும் திறனையும் மனத்தை ஒருமுகப்படுத்தும் திறனையும் அளக்கும் சோதனைகளில், கையில் காசில்லாத நாட்களில் குறைவாகவும் காசு வந்தபின் கூடுதலாகவும் மதிப்பெண் எடுத்தார்கள். ஆலை வெட்டச் சொல்லும் தேதி ஆளுக்கு ஆள் மாறுவதால் இதைப் பருவத்தின் விளைவென்று தள்ளிவிடவும் முடியாது. ஆள் அதே ஆள், மூளை அதே மூளை. மாறியது மடியில் இருந்த காசு. இதில் பிறவிக் குணமாக ஒரு 'மனவுறுதி' எங்கே இருக்கிறது?

வறட்சி எல்லோருக்கும் ஒன்று என்பதே பொய் என்பது வேறு விஷயம். ஆழ்குழாய்க் கிணறு உள்ளவருக்கும் ஆற்றுத் தண்ணீரை மட்டும் நம்பியவருக்கும் ஒரே வறட்சியா? சொந்த நிலக்காரருக்கும், கோயில் நிலத்தை வாய்மொழியாக உள்குத்தகைக்கு எடுத்தவருக்கும் ஒன்றா? அடங்கல் என்னும் பயிர்ப் பதிவேட்டில் பெயர் இல்லாதவருக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கிடையாது. பயிர்க் காப்பீடு எட்டாது. இறந்தபின் 'விவசாயி' என்ற பட்டமும் கிடைக்காது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2015ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டில் தற்கொலை செய்துகொண்ட விவசாயிகள் 2 பேர், விவசாயத் தொழிலாளிகள் 604 பேர். இந்தக் கணக்கில் ஒரு மாநிலத்தின் விவசாயமே ஏறக்குறைய செழிப்பாகத் தெரிகிறது! நிலப்பட்டா இருந்தால் ஒரு பட்டியல், இல்லாவிட்டால் இன்னொரு பட்டியல். இரண்டிலும் அடங்காதவருக்குச் 'சொந்தக் காரணம்' காத்திருக்கிறது.

மனம் தனக்குள்ளேயே கெட்டுப்போகிறது என்று நம்புகிறவர்கள் காட்டுமன்னார்கோயில் பக்கம் ஒருமுறை போய் வரலாம். வீராணம் ஏரியை ஒட்டிய அந்த வட்டாரத்தில், மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரின் குழு (1986இல் சென்னையில் 'சினேகா' தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கியவர் அவர்தான்) பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான இடத்தில் பூட்டுப் பெட்டிகளில் வைக்க ஏற்பாடு செய்தது. பெட்டி வைத்த ஊர்களில் மருந்தால் நேரும் மரணங்கள், வைக்காத ஊர்களைவிட அதிகமாகக் குறைந்தன. சிறிய முயற்சிதான், 2013இல் வெளியான முடிவுகள். ஆனால் அங்கே யாருடைய மன அடக்கத்தையும் யாரும் கூட்டவில்லை. ஆபத்தான அந்த ஒரு நேரத்தைக் கடக்க இடம் கொடுத்தார்கள். இலங்கை இதைப் பெரிய அளவில் செய்தது. 1990களின் நடுவிலிருந்து கொடிய பூச்சிமருந்துகளை வரிசையாகத் தடை செய்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் 70 விழுக்காட்டுக்கும் மேல் இறங்கியது. இலங்கை விவசாயிக்கு இருபது ஆண்டுகளில் மனவுறுதி மூன்று மடங்கு வளர்ந்துவிட்டது என்று எதிர்த்தரப்பு நம்பினால், அவர்களுடைய நம்பிக்கைத் திறனை மெச்சத்தான் வேண்டும்.

குடி இல்லையா, குடும்பச் சண்டை இல்லையா என்பார்கள். இருக்கிறது. ஒரு காரணத்தால் மட்டும் எவரும் உயிரை விடுவதில்லை. மனச்சோர்வு ஒரு நோய், அதற்குச் சிகிச்சை உண்டு, 104, 14416 போன்ற உதவி எண்களை அழைத்துப் பேசியதால் விடியும்வரை தாக்குப்பிடித்தவர்களும் உண்டு. ஆலோசகர் வேண்டாம் என்று யார் சொன்னது? ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒருவர் உட்காரட்டும். ஆனால் பல காரணங்கள் இருப்பது, அவற்றில் அரசின் பங்கை மட்டும் அழித்துவிட உரிமம் ஆகாது. வறட்சி குடியைக் கூட்டும், குடி சண்டையைக் கூட்டும், சண்டை சோர்வைக் கூட்டும். சங்கிலியின் கடைசிக் கண்ணியை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு 'இதுதான் காரணம்' என்பது விசாரணை அல்ல, கோப்பை மூடும் அவசரம்.

அந்த ஏப்ரல் மாதத்திலேயே இன்னொன்றும் நடந்தது. 2017 ஏப்ரல் 7 அன்று மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். அதன் 115ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. பிழைத்துக்கொண்டவரின் அழுத்தத்துக்கு அரசு பொறுப்பேற்க வேண்டும் என்று டெல்லியில் சட்டமாக்கிய மாதத்திலேயே, பிழைக்காதவரின் அழுத்தம் அவருடைய சொந்த விவகாரம் என்று தமிழக அரசு டெல்லியில் சொன்னது.