ராணுவ வீரருக்கு ஒரே மாத்திரை... ஸ்ரீரங்கம் வந்தவருக்கு ஒரு ஸ்ட்ரிப்பா?

“அண்ணே, ராத்திரியிலேருந்து வயித்தால போகுது. விடிஞ்சா சொர்க்கவாசல் பார்க்கணும். சட்டுனு நிக்கிற மாதிரி ஏதாவது குடுங்க!”

மார்கழிக் கூட்டத்தில் ஸ்ரீரங்கத்து மெடிக்கல் ஷாப்களுக்கு இது பழகிய குரல். சென்னையிலிருந்து ரயிலில் வந்தவருக்கும், சிங்கப்பூரிலிருந்து வந்து திருச்சி ஏர்போர்ட்டில் இறங்கிய குடும்பத்துக்கும் ஒரே அவசரம்தான். பெரும்பாலும் கைக்கு வருவது நார்ஃப்ளாக்ஸாசின் அல்லது ஆஃப்லாக்ஸாசின் கலந்த ஆன்டிபயாடிக். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மாத்திரை அது. இரண்டு போட்டதும் நின்றுவிடும். மிச்சம் ஹேண்ட்பேக்குக்குள் போய், அடுத்த ஊரில் அடுத்தவருக்குக் கொடுக்கப்படும்.

இதே அவசரம் ராணுவத்துக்கும் உண்டு. வெளிநாட்டு முகாமில் இருக்கும் வீரருக்கு வயிறு கெட்டால் அன்றைய பணியே நின்றுபோகும். அதனால் ஆப்கானிஸ்தான், ஜிபூட்டி, கென்யா, ஹோண்டுராஸ் முகாம்களில் இருந்த அமெரிக்க, பிரிட்டன் வீரர்களிடம் ஓர் ஆய்வு நடந்து, 2017-ல் முடிவு வெளியானது. அசித்ரோமைசின், லெவோஃப்ளாக்ஸாசின், ரிஃபாக்ஸிமின் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்று, ஒரே ஒரு வேளை. கூடவே பேதியைக் கட்டுப்படுத்தும் லோபராமைடு. 24 மணி நேரத்தில் லெவோஃப்ளாக்ஸாசின் எடுத்தவர்களில் சுமார் 81%, அசித்ரோமைசினில் 78%, ரிஃபாக்ஸிமினில் 75% பேர் குணமானார்கள். மூன்று நாள், ஐந்து நாள் கோர்ஸ் எல்லாம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

‘அப்போ நாமும் ஒண்ணு போட்டுக்கலாமே’ என்று தோன்றும். ஆனால், அவர்கள் திடகாத்திரமான இளைஞர்கள். பக்கத்திலேயே மருத்துவர் இருந்தார். நம்முடன் வருவதோ சர்க்கரை நோயுள்ள தாத்தாவும் மூன்று வயதுப் பேத்தியும். தவிர, பயணிகளின் வயிற்றைக் கெடுக்கும் கேம்பைலோபேக்டர் என்ற பாக்டீரியா, தெற்காசியாவில் ‘ஃப்ளாக்ஸாசின்’ வகை மருந்துகளுக்குப் பெரும்பாலும் அடங்குவதில்லை. இந்தப் பக்கம் வரும் பயணிகளுக்கு, நிலைமை மோசமானால் அசித்ரோமைசினைத்தான் மருத்துவர்கள் முதலில் யோசிக்கிறார்கள். லேசான பேதிக்கு ஆன்டிபயாடிக்கே வேண்டாம் என்பதுதான் சர்வதேச வழிகாட்டுதல். பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாளில் அது தானாகவே சரியாகிவிடும். இரண்டு மாத்திரையில் நின்றதாக நினைப்பதில் பாதி, தானாக நின்றதாகவே இருக்கலாம்!

இதில் கண்ணுக்குத் தெரியாத நஷ்டம் ஒன்று உண்டு. பின்லாந்துப் பயணிகளிடம் நடத்தி, 2015-ல் வெளியான ஆய்வு அதைக் காட்டியது. தெற்காசியா வந்தவர்களில், பேதியும் வராமல் ஆன்டிபயாடிக்கும் எடுக்காதவர்களில் 23% பேரின் குடலில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியா குடியேறியிருந்தது. பேதி வந்து மாத்திரை எடுக்காதவர்களில் 47%. பேதிக்கு ஆன்டிபயாடிக் எடுத்தவர்களிலோ 80%! பிரசாதத்தோடு அதையும் வீட்டுக்குக் கொண்டுபோகிறோம். நாளைக்கு வீட்டில் யாருக்காவது சிறுநீர்த் தொற்று வந்தால், வழக்கமான மருந்து கேட்காமல் போவது இப்படித்தான்.

பேதியில் உயிரை எடுப்பது பெரும்பாலும் கிருமியல்ல, உடலிலிருந்து வெளியேறும் நீரும் உப்பும். 1971 வங்கதேசப் போரில் அகதிகள் குவிந்த பங்காவ்ன் முகாமில் காலரா பரவியது. ஊசி வழியாக ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மஹாலனபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். 30% அளவுக்கு இருந்த இறப்பு 4 சதவிகிதத்துக்கும் கீழே இறங்கியது. அவர் மறைந்த பிறகு, 2023-ல் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

அந்த ஓ.ஆர்.எஸ் பாக்கெட் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் நீரில்தான் கலக்க வேண்டும், டம்ளரில் அல்ல. கிடைக்காவிட்டால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஓ.ஆர்.எஸ் என்ற பெயரில் விற்கப்பட்ட இனிப்பு பானங்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்த 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை விதித்தது. பழைய ஸ்டாக் கண்ணில் பட்டால் ஏமாற வேண்டாம்.

மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், நிற்காத வாந்தி, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, குழந்தை துவண்டு கிடப்பது... இதில் ஒன்று இருந்தாலும் லோபராமைடைத் தொடாதீர்கள். குழந்தைகளுக்கு அது எப்போதுமே வேண்டாம். வரிசையை விட்டு வெளியே வந்து, நேராக ஸ்ரீரங்கம் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். சொர்க்கவாசல் ஏகாதசி அன்றோடு மூடிவிடுவதில்லை. அடுத்து வரும் இராப்பத்தில் பெரும்பாலான நாட்களிலும் திறக்கப்படும்.